பிள்ளையின் எடையும் பெற்றோரும்

பதின்ம வயதுப் பிள்ளை பருமனாக இருந்தால் பிள்ளையையே குறை சொல்கிறோம். ஆனால் உடல்வாகும் உணவுப் பழக்கமும் பெரும்பாலும் நம்மிடமிருந்தே போகின்றன. 854 பேரை ஆராய்ந்து 1997-இல் வெளியான அமெரிக்க ஆய்வின்படி, பெற்றோர் பருமனாக இருந்தால், பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பின்னாளில் பருமனாகும் வாய்ப்பு இரு மடங்குக்கும் மேல். அதனால் பதின்ம வயது வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

முதலில் நம் இடுப்பை அளந்து பார்ப்போம். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனம் தேவை. பிள்ளைக்கு மட்டும் தனிப் பத்தியம் வைத்தால் மனம் நோகும். வீட்டில் எல்லோருக்குமே சோற்றைக் குறைத்து, காய்கறியைக் கூட்டுவோம். குளிர்பானம் வாங்கி வைப்பதை நிறுத்துவோம். தினமும் பிள்ளைகளோடு சேர்ந்து நடப்போம். மரபு நம் கையில் இல்லை. அடுப்படி நம் கையில்தான் இருக்கிறது.