நெஞ்சறையை நோக்கும் குழாய்

வயிற்றிலே தோன்றிய நோயின் அளவை அறிய நெஞ்சுக்குள்ளே பார்ப்பானேன் என்று நேயர்கள் கேட்கக்கூடும். சூலகம் பெண்ணின் அடிவயிற்றில் உள்ளது. அதிலே புற்றுநோய் உண்டாகி முற்றிவிட்டால் வயிற்றறையில் நீர் கட்டுகிறது. சிலருக்கு நுரையீரலைச் சூழ்ந்த இரட்டைச் சவ்வின் இடையிலும், பெரும்பாலும் வலப்புறத்தில், நீர் சேர்ந்து மூச்சுத் திணறுகிறது. வயிற்றையும் நெஞ்சையும் பிரிக்கும் பிரிமென்றகடு முற்றும் அடைத்த சுவரன்று. அதனூடே நீரும் செல்லும், நோயணுக்களும் செல்லும்.

ஆயினும், நெஞ்சிலே நீர் கண்டவுடன் புற்று அங்கே பரவிவிட்டதென முடிவு கட்டலாகாது. புற்றல்லாத சூலகக் கட்டியினாலும் நீர் சேர்வதுண்டு. கட்டியை அகற்றியதும் அது வற்றிவிடும். 1937ஆம் ஆண்டில் இதனை எடுத்துக்காட்டிய அமெரிக்க வைத்தியர் மீக்ஸின் பெயராலேயே அந்நிலை இன்றும் வழங்குகிறது. ஊசியால் எடுத்த நீரிலே புற்றணு இருப்பின், நோய் நான்காம் நிலையை அடைந்ததெனக் கணிப்பர். ஆனால் அணு உண்டென்பது ஒன்று. கட்டி எவ்வளவு என்பது வேறு. சவ்விலே மிளகளவில் ஒட்டியிருக்கும் முடிச்சுகள் சி.ரி. படத்துக்குத் தப்பிவிடுவதுண்டு.

அந்த அளவை அறிந்து ஆவதென்ன? வயிற்றைத் திறந்து, கண்ணுக்குத் தெரியும் கட்டிகளை இயன்றமட்டும் அகற்றுவதே இந்நோய்க்குரிய பெருஞ் சத்திரசிகிச்சை. எஞ்சும் கட்டி குறையக் குறைய நோயாளியின் ஆயுள் நீளக் காண்கிறார்கள். பல மணி நேரம் பாடுபட்டு வயிற்றைத் துப்புரவாக்கிய பின்னரும் நெஞ்சிலே பெரிய கட்டிகள் கிடக்குமாயின், அப்பெண் தாங்கிய வேதனைக்குக் கிடைக்கும் பயன் சொற்பமே.

இங்கேதான் சிறுதுளைச் சத்திரசிகிச்சை உதவுகிறது. நோயாளியை மயக்கி, அந்தப் பக்கத்து நுரையீரலுக்குக் காற்றுச் செல்லாது நிறுத்தி, விலா எலும்புகளின் இடையே சிறு துளையிட்டு, கமரா பூட்டிய குழாயைச் செலுத்துகிறார்கள். நீரை உறிஞ்சியெடுத்தபின் சவ்வும் பிரிமென்றகடும் திரையிலே பெரிதாகத் தெரிகின்றன. ஐயத்துக்குரிய இடத்தில் ஒரு துணுக்கை வெட்டிச் சோதனைக்கு அனுப்பலாம். நீர் மீண்டும் சேராதிருக்க டால்க் என்னும் மென்தூளைத் தூவி, சவ்வுகளை ஒட்டவைப்பதும் உண்டு.

குழாயால் நெஞ்சறையை நோக்குவது புதுமையன்று. சுவீடன் தேசத்து யாக்கோபேயஸ் 1910இலேயே அதனை விவரித்தார். பின்னர் காசநோயாளரின் நுரையீரல் ஒட்டுகளை அறுக்கவும் பயன்படுத்தினார். காசநோய்க்கு நல்ல மருந்துகள் வந்தபின் மங்கிய அம்முறைக்கு 1990களில் கமரா புத்துயிர் அளித்தது.

நியூயோர்க்கிலுள்ள மெமோறியல் சுலோன் கெற்றறிங் புற்றுநோய் நிலையத்தார் 2004 முதல் வெளியிட்ட ஆய்வுகளில், நெஞ்சில் மிகுந்த நீர் கண்ட நோயாளரில் பாதிக்குக் குறையாதோரிடம் கட்டிகள் கண்ணுக்கே புலப்பட்டன. அவை 1 சென்ரிமீற்றரிலும் பெரியனவாய், அகற்ற இயலாதனவாய் இருந்தால் மருந்துச் சிகிச்சையே முதலில். கட்டி சுருங்கிய பின்னரே வயிற்றில் கத்தி. நெஞ்சு தெளிவாயிருப்பின் அன்றே வயிற்றைத் திறக்கலாம்.

அந்த ஆய்வுகள் சிறியன. இம்முறை ஆயுளை நீட்டுகிறதென ஒப்பீட்டுச் சோதனை எதுவும் இன்னும் நிறுவவில்லை. துளை சிறிதாயினும் வலி, குருதிப்பெருக்கு, காற்றுக்கசிவு ஆகியன நேரலாம். ஆகையால் நீர் சொற்பமாயுள்ளவர்களுக்கு இதனைச் செய்வதில்லை.