வண்டி நம்முடையது, சிக்னல் யாருடையது?

ஹார்லி-டேவிட்சனின் ரோடு கிளைடு போன்ற டூரிங் பைக்கின் எடை 350 கிலோவுக்கும் மேல். ஆனாலும் நான்கைந்து பேர் சேர்ந்தால் இன்ஜினை இயக்காமலே தூக்கி வேனில் ஏற்றிவிடலாம். பூட்டால் மட்டும் தடுக்க முடியாத இந்தத் திருட்டைக் கண்டுபிடிக்கவும் உதவும் என்று வந்ததுதான் ‘எச்-டி கனெக்ட்’ சேவை. பேனசானிக் நிறுவனத்தின் துணையோடு 2019-இல் லைவ்வயர் மின்சார பைக்கில் அறிமுகமாகி, 2020 மாடல் டூரிங் வண்டிகள் பலவற்றுக்கும் வந்தது.

வண்டிக்குள் ஒரு சிறிய மின்னணுப் பெட்டி இருக்கும். நிறுத்தியிருக்கும் வண்டியை யாராவது அசைத்தால் அதிலுள்ள உணரி விழித்துக்கொள்ளும். வண்டி எங்கே இருக்கிறது என்பதை ஜிபிஎஸ் கணக்கிடும். இதற்கு, சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சிக்னல் தேவை.

பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. ஜிபிஎஸ் கேட்கும், பேசாது. இருப்பிடத்தை வெளியே சொல்வது பெட்டியில் இருக்கும், சிம் பொருத்திய செல்போன் மோடம்தான். தகவல் மோடத்திலிருந்து செல்போன் டவருக்கும், அங்கிருந்து நிறுவனத்தின் சர்வருக்கும், கடைசியாக உரிமையாளரின் செயலிக்கும் போகிறது. இடையில் ஒன்று நின்றால் எல்லாமே நின்றுவிடும்.

அப்படி நின்றதும் உண்டு. 2008-இல் அமெரிக்காவின் அனலாக் செல்போன் வலையமைப்பு மூடப்பட்டபோது, அதையே நம்பியிருந்த பழைய கார்களில் ‘ஆன்ஸ்டார்’ என்ற அவசர உதவிச் சேவை செயலிழந்தது. 2022-இல் அங்குள்ள செல்போன் நிறுவனங்களான ஏடி அண்ட் டி, டி-மொபைல், வெரிசான் மூன்றும் 3ஜி-யை நிறுத்தின. 3ஜி மோடம் மட்டுமே இருந்த கருவிகள் ஊமையாகின. டவர் இருந்தும், சர்வரை மூட நிறுவனம் முடிவெடுத்தால் இதே கதிதான். வண்டி நன்றாக ஓடும், செயற்கைக்கோள் சிக்னலும் வரும். செயலியில் மட்டும் வண்டி தெரியாது.

நன்றாகப் பராமரித்தால் இத்தகைய பைக் இருபது ஆண்டுகள் தாராளமாக உழைக்கும். செல்போன் தலைமுறையோ ஏறக்குறைய பத்தாண்டுக்கு ஒருமுறை மாறுகிறது. ஆகவே வாங்கும்போதே கேளுங்கள்: சேவை எந்த ஆண்டு வரை? மோடத்தை மட்டும் தனியாக மாற்ற முடியுமா? நல்ல டிஸ்க் லாக்கையும் கைவிட வேண்டாம். வண்டிக்கு எத்தனை ஆண்டு வாரண்டி என்று எழுதித் தரும் நிறுவனங்கள், இந்தச் சேவைக்கும் ஆயுளை எழுதித் தர வேண்டும். அதைக் கேட்பது விலை கொடுத்தவரின் உரிமை.