புயற்காற்றும் கிடங்கின் கூரையும்

2020-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் நாள் நள்ளிரவையொட்டி, நிவர் புயல் மரக்காணத்திற்கு அணித்தே கரை கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 120 கிலோமீட்டர். அத்தகைய காற்று, எதிர்ப்பட்ட சுவரைச் சதுர மீட்டருக்குச் சுமார் 68 கிலோ பாரத்திற்கு நிகராக அழுத்தும். கூரைமேல் விரைந்தோடுங்கால் அதனை மேல்நோக்கி இழுக்கும்.

உப்புக் கிடங்கொன்றின் கதவு காற்றை எதிர்நோக்கித் திறந்துகொள்ளின் யாது நிகழும்? புகுந்த காற்று வெளியேற வழியின்றி உள்ளமுக்கத்தை மிகுவிக்கும். மேலிருந்து இழுப்பும் கீழிருந்து தள்ளலும் ஒருங்குசேரக் கூரை பெயரும். ஒரு பருவத்து உழைப்பு மழையிற் கரையும். அமுக்கம் சமமாதற்பொருட்டுச் சன்னல்களைத் திறந்துவைக்க வேண்டுமென்பாரும் உளர், அது பிழை. காற்றொதுக்கான புறத்துக் கதவு திறந்திருப்பின் உள்ளமுக்கம் குறையுமென்பது மெய்யே. ஆயினும் புயலின் நடுவம் நகருந்தோறும் காற்றின் திசை மாறுமாதலின், முன்னிரவில் ஒதுக்காயிருந்த கதவே பின்னிரவில் காற்றுக்கு எதிர்முகமாகிவிடும்.