காரம் கூடும் கிண்ணம்: பர்மாவின் தேங்காய்ப்பால் கோழி நூடுல்ஸ் சூப்

கோழியை எலும்போடு வேகவைத்து இறக்கிய சாற்றில் நூடுல்ஸ் சேர்த்து உண்ணும் வழக்கம் சீனாவிலிருந்து இந்தோனேசியா வரை பரவியிருந்தாலும், அச்சாற்றில் மிளகாயின் காரத்தையும் தேங்காய்ப்பாலின் கொழுப்பையும் ஒருசேரக் கையாளும் முறை தென்கிழக்கு ஆசியாவில்தான் முழு வளர்ச்சி பெற்றது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உண்ணப்படும் கறி லக்சா, வட தாய்லாந்தில் சியாங் மாய் நகரின் அடையாளமாகவே ஆகிவிட்ட காவ் சோய், பர்மாவின் ஓன் நோ காவ்ஸ்வே ஆகிய மூன்றும் இவ்வகையில் நெருங்கிய உறவுடையவை. முதல் இரண்டுக்கும் எலுமிச்சம்புல், சித்தரத்தை வகையைச் சேர்ந்த கிழங்கு, காய்ந்த இறால் விழுது போன்றவை சேர்ந்த மசாலா அரைக்கப்படவேண்டும்; பர்மிய சூப்போ வெங்காயம், பூண்டு, இஞ்சி, மஞ்சள், மிளகாய், கடலை மாவு, தேங்காய் என்று தமிழ்நாட்டுச் சமையலறையில் எப்போதும் இருக்கும் பொருள்களைக்கொண்டே அமைவதால், வீட்டில் செய்து பார்க்க விரும்புவோர் தொடங்குவதற்கு ஏற்றதாக இருக்கிறது.

பர்மிய மொழியில் ஓன் நோ என்பது தேங்காய்ப்பாலையும் காவ்ஸ்வே என்பது நூடுல்ஸையும் குறிக்கும். மஞ்சள் கலந்த செந்நிறமும், ரசத்தைவிடக் கெட்டியாகவும் குழம்பைவிட நீர்த்தும் இருக்கும் பதமும், மேலே தூவி உண்ணும் பல துணைப்பொருள்களும் இதன் அடையாளங்கள். சாறு, மசாலா, நூடுல்ஸ், துணைப்பொருள்கள் ஆகிய நான்கும் தனித்தனியே பக்குவப்படுத்தப்பட்டு, சாறும் மசாலாவும் மட்டும் பாத்திரத்தில் கலக்க, மற்றவை உண்பவரின் கிண்ணத்தில்தான் ஒன்றுசேர்கின்றன என்பதே இவ்வுணவைப் புரிந்துகொள்வதற்கான அடிப்படை. எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் இட்டுக் கொதிக்கவைத்தால் கிடைப்பது நூடுல்ஸ் குழைந்த குழம்பாகவே முடியும்.

பல திசைப் பொருள்கள்

இந்த சூப்பின் பொருள்கள் ஒரே மண்ணில் தோன்றியவை அல்ல. கோதுமை நூடுல்ஸ் சீனச் சமையலிலிருந்து வந்தது; மிளகாய் அமெரிக்கக் கண்டங்களைத் தாயகமாகக் கொண்டு, 16ஆம் நூற்றாண்டுக்குப் பின் ஐரோப்பியக் கடல் வணிகத்தின் வழியே ஆசியாவில் பரவியது; தேங்காய் கரையோரத்தின் விளைபொருள். சூப்பைக் கெட்டிப்படுத்தும் கடலை மாவு, பர்மாவின் நடுப்பகுதியில் உள்ள வறண்ட சமவெளிகளில் விளையும் கொண்டைக்கடலையிலிருந்து கிடைப்பது. அந்த மாவைக் காய்ச்சி உறையவைத்துச் செய்யப்படும் ஷான் தோஃபு எனும் உணவும் அந்நாட்டில் புகழ்பெற்றது.

1824, 1852, 1885 ஆகிய ஆண்டுகளில் தொடங்கிய மூன்று போர்களின் விளைவாகப் பர்மா பிரிட்டிஷ் ஆட்சியின்கீழ் வந்து, 1937இல் தனியாகப் பிரிக்கப்படும்வரை பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு பகுதியாகவே இருந்தது. அக்காலத்தில் தமிழகத்திலிருந்து கூலித்தொழிலாளர்களும், வட்டித்தொழில் நடத்திய நகரத்தார்களும், சிறு வணிகர்களும் ரங்கூனிலும் ஐராவதி ஆற்றின் கழிமுகப் பகுதியிலும் பெருந்தொகையாகக் குடியேறினர். 1942இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது ஒரு பகுதியினர் வெளியேறினர். 1962இல் ஜெனரல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றி வணிகத்தை நாட்டுடைமையாக்கியதும் எஞ்சியோரில் பலர் தாயகம் திரும்ப நேர்ந்தது. அவ்வாறு திரும்பியோர் சென்னையில் கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டிய பர்மா பஜாரிலும் அதனைச் சூழ்ந்த தெருக்களிலும் கடை வைத்ததன் தொடர்ச்சியாகவே அத்தோ எனும் நூடுல்ஸ் கலவையும், மொய்ங்கா எனும் நூடுல்ஸ் சூப்பும், பேஜோ எனும் மொறுமொறுப்பான பலகாரமும் வடசென்னையின் மாலைநேர உணவுகளாயின. ஓன் நோ காவ்ஸ்வே அந்த அளவுக்குத் தெருவுக்கு வரவில்லை என்றாலும், பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பங்களின் சமையலில் அதற்கும் இடமுண்டு.

சாறு: பொறுமையின் வேலை

நால்வருக்குச் செய்ய எலும்போடு கூடிய கோழிக்கறி முக்கால் கிலோ வேண்டும். நெஞ்சுக்கறி விரைவில் வறண்டுவிடும். தொடை, கால், இறக்கை, முதுகெலும்பு ஆகிய பகுதிகளில் கொலாஜன் எனும் இணைப்புத் திசுப்புரதம் மிகுந்திருப்பதால் அவையே சூப்புக்கு ஏற்றவை. மிதமான வெப்பத்தில் நெடுநேரம் வேகும்போது இப்புரதம் ஜெலட்டின் ஆகிச் சாற்றில் கரைந்து, நாவில் படியும் ஒரு கனத்தை அதற்குத் தருகிறது. குளிரவைத்த கோழிச்சாறு இறுகிக் கட்டியாவதும் இதனால்தான்.

கறியைக் கழுவிப் பாத்திரத்தில் இட்டு, ஒன்றே முக்கால் லிட்டர் குளிர்ந்த நீர், நசுக்கிய இஞ்சித் துண்டு, இரண்டாக நறுக்கிய ஒரு வெங்காயம், ஒரு தேக்கரண்டி உப்பு சேர்த்து அடுப்பில் ஏற்றவேண்டும். குளிர்ந்த நீரில் தொடங்கினால் கறியிலிருந்து கசியும் புரதங்கள் மெல்லத் திரண்டு நுரையாக மேலே மிதக்கும். அதனைக் கரண்டியால் வழித்தெடுப்பது எளிது. முதற்கொதி வந்ததும் தீயைக் குறைத்து, ஓரங்களில் மட்டும் குமிழிகள் எழும் நிலையில் வைக்கவேண்டும். தளதளவெனக் கொதிக்கவிட்டால் கொழுப்பு நுண்துளிகளாகச் சிதறிச் சாற்றோடு கலந்து, நிறமும் சுவையும் மங்கும். பிராய்லர் கோழியானால் 35 முதல் 40 நிமிடத்தில் வெந்துவிடும்; நாட்டுக்கோழிக்கு அதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு நேரம் ஆகும். வெந்த கறியை எடுத்து ஆறவைத்து நார்நாராகப் பிய்த்துவைத்துக்கொண்டு, எலும்புகளை மட்டும் மீண்டும் சாற்றில் இட்டு அரைமணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டினால் ஏறத்தாழ ஒன்றேகால் லிட்டர் சாறு எஞ்சும்.

எண்ணெய் பிரியும் பதம்

சூப்பின் நிறமும் மணமும் அடுத்த கட்டத்தில் உருவாகின்றன. மூன்று நடுத்தர வெங்காயம், எட்டுப் பல் பூண்டு, இரண்டு அங்குல இஞ்சி ஆகியவற்றைச் சற்றுக் கரகரப்பாக அரைத்துக்கொள்ளவேண்டும். அடிகனமான பாத்திரத்தில் ஐந்து மேசைக்கரண்டி கடலை எண்ணெயைச் சூடாக்கி, அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள் இட்டு, உடனே அரைத்த விழுதைச் சேர்த்துச் சிறுதீயில் வதக்கவேண்டும். தொடக்கத்தில் விழுதிலுள்ள நீர் கொதித்துக்கொண்டிருக்கும்வரை அதன் வெப்பம் 100 பாகை செல்சியஸைத் தாண்டாது. 12 முதல் 15 நிமிடத்தில் அந்நீர் வற்றியபின்னரே வெங்காயம் பொன்னிறம் கொள்ளத் தொடங்கி, பச்சை வாடை நீங்கி, எண்ணெய் ஓரங்களில் பிரிந்து நிற்கும். பர்மியச் சமையலின் மையமாகக் கருதப்படும் இப்பதம் தமிழ்நாட்டில் குழம்பு வைப்போர் அனைவரும் அறிந்ததே.

எண்ணெய் பிரிந்த நிலையில் தீயை மிகக் குறைத்து இரண்டு தேக்கரண்டி மிளகாய்த்தூளைச் சேர்த்துக் கிளறவேண்டும். மிளகாயின் செந்நிறம் தரும் பொருள்களும், காரத்துக்குக் காரணமான கேப்சைசினும், மஞ்சளின் குர்குமினும் நீரைவிட எண்ணெயில் எளிதாகக் கரையும் இயல்புடையவை. ஆகவே சாறு ஊற்றுவதற்கு முன் அவை எண்ணெயில் இறங்கியாகவேண்டும். தீ மிகுந்தால் மிளகாய்த்தூள் நொடிகளில் கருகிக் கசக்கும் என்பதால், தேவையானால் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கிவைத்தும் இதனைச் செய்யலாம். சிவந்து மிதக்கும் எண்ணெயில் இரண்டு மேசைக்கரண்டியைத் தனியே எடுத்துவைத்துக்கொண்டால் பரிமாறும்போது சூப்பின் மேல் விடப் பயன்படும். பின்னர், பிய்த்த கறியையும் இரண்டு மேசைக்கரண்டி மீன் சாஸையும் சேர்த்து ஐந்து நிமிடம் புரட்டினால் மசாலா கறியில் ஊறும். நெத்திலி போன்ற சிறுமீன்களை உப்பில் பல மாதங்கள் ஊறவைத்து வடித்தெடுப்பதே மீன் சாஸ். நொதித்தலில் உண்டாகும் குளூட்டமேட் சூப்பின் சுவைக்கு ஆழம் தருகிறது. மீன் சாஸ் கிடைக்காத இடத்தில் உப்பைச் சற்றுக் கூட்டிக்கொள்வதே போதும்.

கடலை மாவும் தேங்காய்ப்பாலும்

நான்கு மேசைக்கரண்டி கடலை மாவை வெறும் வாணலியில் மணம் வரும்வரை இளவறுப்பாக வறுத்து, ஆறியபின் ஒரு கோப்பைக் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைக்கவேண்டும். மாவைச் சூடான சாற்றில் நேரடியாகத் தூவினால் ஒவ்வொரு துகளின் வெளிப்புற மாச்சத்தும் உடனே வீங்கிப் பசையாகி, உள்ளே நீர் புகவிடாமல் கட்டிதட்டிவிடும். கறி மசாலாவில் சாற்றை ஊற்றிக் கொதி வந்ததும், கரைத்த மாவைச் சிறிதுசிறிதாக விட்டுக் கிளறி, சிறுதீயில் 15 முதல் 20 நிமிடம் கொதிக்கவிடவேண்டும். சூப் கெட்டியாவதற்குச் சில நிமிடமே போதுமெனினும், மாவின் பச்சை வாடை முற்றிலும் போக இந்நேரம் தேவைப்படுகிறது. அடிபிடிக்கும் இயல்பு மாவுக்கு உண்டென்பதால் அவ்வப்போது கிண்டிவிடுவதும் அவசியம்.

தேங்காயின் முதற்பாலைக் கடைசியில்தான் சேர்க்கவேண்டும். கொழுப்புத் துளிகள் நீரில் மிதக்கும் பால்மமாகிய அதனைத் தாங்கிநிற்பவை அதிலுள்ள புரதங்கள். கடுங்கொதியில் அப்புரதங்கள் நிலைகுலையும்போது கொழுப்பு திரண்டு, பால் திரிந்ததுபோல் தோற்றமளிக்கும். முன்பே சேர்த்த கடலை மாவின் மாச்சத்து, சாற்றைக் கெட்டிப்படுத்துவதன் மூலம் இப்பிரிவை ஓரளவு தடுக்கிறது. ஒரு பெரிய தேங்காயிலிருந்து எடுத்த முதற்பாலும் இரண்டாம் பாலுமாக 400 மில்லிலிட்டர் வேண்டும். இரண்டாம் பாலை மாவோடு சேர்த்துக் கொதிக்கவிட்டு, முதற்பாலை இறுதியில் ஊற்றி, நுரைகட்டி வரும்போதே இறக்கிவிடுவது நல்லது.

நூடுல்ஸும் துணைப்பொருள்களும்

350 முதல் 400 கிராம் முட்டை நூடுல்ஸ் நால்வருக்குப் போதும். அதனைத் தாராளமான கொதிநீரில், உறைமேல் குறித்த நேரத்துக்கு அரை நிமிடம் முன்னதாகவே வடித்து, குளிர்ந்த நீரில் அலசி, ஒரு தேக்கரண்டி எண்ணெயில் பிசிறிவைக்கவேண்டும். சூப்பிலேயே வேகவைத்தால் வெளியேறும் மாச்சத்து சூப்பைக் கூழாக்கிவிடும். நூடுல்ஸும் நேரம் செல்லச்செல்லச் சாற்றை உறிஞ்சி ஊதிப்போகும். வெந்த நூடுல்ஸில் ஒரு கைப்பிடியை எடுத்து ஈரம் போக உலர்த்தி, எண்ணெயில் மொறுமொறுப்பாகப் பொரித்துவைத்தால், மென்மையான சூப்புக்கு மாற்றாகப் பல்லுக்கு வேலை தரும் பொருள் ஒன்று கிடைக்கும்.

இவற்றோடு வேகவைத்து நான்காக அரிந்த முட்டை, மெல்லிதாக நறுக்கிக் குளிர்நீரில் ஊறவைத்துக் காட்டம் குறைத்த வெங்காயம், கொத்தமல்லித்தழை, எலுமிச்சைத் துண்டுகள் ஆகியனவும் சிறு கிண்ணங்களில் வைக்கப்படுகின்றன. பருப்பை ஊறவைத்துக் கரகரப்பாக அரைத்து வெங்காயமும் மிளகாயும் சேர்த்துப் பொரிக்கும் பயாஜோ எனும் பலகாரத்தை உதிர்த்துப் போடுவதும் பர்மாவில் உண்டு. தமிழ்நாட்டின் மசால் வடை அதன் இடத்தை முழுமையாக நிரப்பும். தேங்காய்ப்பாலின் கொழுப்பால் நாவில் ஏற்படும் திகட்டலை எலுமிச்சையின் புளிப்பு முறிப்பதால், இவற்றுள் தவிர்க்கக்கூடாதது அதுவே.

காரத்துக்கெனத் தனியே ஒரு கிண்ணம் உண்டு. பத்துக் காய்ந்த மிளகாயை வறுத்து ஒன்றிரண்டாகப் பொடித்து, புகையாத அளவுக்குச் சூடான மூன்று மேசைக்கரண்டி எண்ணெயை அதன்மேல் ஊற்றினால் மிளகாய் எண்ணெய் ஆயிற்று. மிளகாயில் காரம் மிகுந்த பகுதி விதை என்று பரவலாக எண்ணப்பட்டாலும், கேப்சைசின் உருவாவது விதைகள் ஒட்டியிருக்கும் வெளிறிய உட்சதையிலேயாகும். காரம் குறைவாக வேண்டுவோர் பொடிப்பதற்குமுன் அதனைக் கிள்ளியெறிந்துவிடலாம்.

நாவின் நரம்பு முனைகளில் கேப்சைசின் தூண்டும் ஏற்பி, ஏறத்தாழ 43 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்தையும் உணரும் ஏற்பியாகும். இதனைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு, ஆர்டெம் படபூட்டியனோடு சேர்த்து 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஒரே அளவு மிளகாய் இட்ட உணவு ஆறியிருக்கும்போது தாங்கக்கூடியதாகவும், ஆவி பறக்க உண்ணும்போது கடுங்காரமாகவும் தோன்றுவதற்கு இதுவே காரணம். ஆகையால் அடுப்பிலேயே காரத்தை உச்சத்துக்குக் கொண்டுபோகாமல், சூப்பில் மிதமாக வைத்து, எஞ்சியதை உண்பவரின் கைக்கு விட்டுவிடும் பர்மிய முறை, குழந்தைகளும் முதியோரும் சேர்ந்து உண்ணும் வீடுகளுக்கு மிகவும் பொருந்துகிறது.

பரிமாறும்போது முதலில் நூடுல்ஸை இட்டு, அதன்மேல் கறியோடு சேர்த்துக் கொதிக்கும் சூப்பை ஊற்றி, எடுத்துவைத்த செந்நிற எண்ணெயில் சில துளிகளைவிட்டுத் தரவேண்டும். மற்றவற்றை அவரவர் விருப்பப்படி சேர்த்துக்கொள்வர். தேங்காய்ப்பால் சேர்ந்த உணவு வெப்ப நாடுகளில் விரைவில் கெட்டுவிடும் என்பதால், மிஞ்சிய சூப்பை இரண்டு மணி நேரத்துக்குள் ஆறவைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, மறுநாளைக்குள் உண்டுவிடுவது பாதுகாப்பானது. அப்போது கெட்டிப்பட்டிருக்கும் சூப்பில் சிறிது வெந்நீர் கலந்து, ஆவி எழ நன்றாகச் சூடேறும்வரை கிளறிக்கொண்டே இருந்தால் தேங்காய்ப்பால் திரியாது. நூடுல்ஸை மட்டும் அன்றன்றைக்கு வேண்டிய அளவு புதிதாக வேகவைத்துக்கொண்டால் முதல்நாளின் பதம் மறுநாளும் கிடைக்கும்.