மெஷ் ஆயிடுச்சு, சரி... பார்ட் ஒட்டியிருக்கா?

இன்னைக்கு சிமுலேஷன் பண்றவங்களுக்கான எபிசோடு. தனித்தனியா ஒழுங்கா மெஷ் ஆகிற பார்ட்டெல்லாம், அசெம்பிளியா சேர்த்ததும் ஏன் மக்கர் பண்ணுது? அதைப் பற்றித்தான் பேசப் போறோம்.

நான் இப்போ சாஃப்ட்வேர்ல இருந்தாலும் படிச்சது மெக்கானிக்கல். முதல் வேலை ஒரு சின்ன டிசைன் ஆபீஸ்ல. மோட்டாரைத் தாங்குற ஒரு பிராக்கெட், மொத்தம் 14 பார்ட். மெஷ் போட்டேன், ஃபெயில். எல்லாரும் செய்யறதைத்தான் நானும் செஞ்சேன்: எலிமென்ட் சைஸைக் குறைச்சேன். 3டி மெஷ்ல சைஸைப் பாதியாக்கினால் எலிமென்ட் எண்ணிக்கை ஏறக்குறைய 8 மடங்காகும். கம்ப்யூட்டர் மூச்சு வாங்கியதுதான் மிச்சம், எரர் போகவில்லை.

நான் முதலில் செய்திருக்க வேண்டியது வேற. ஒவ்வொரு பார்ட்டையும் தனியா மெஷ் போட்டுப் பார்க்கணும். ஒன்று ஃபெயில் ஆனால் தப்பு அந்த பார்ட்டுக்குள்ளேயே இருக்கு. இழை மாதிரி ஒல்லியான முகங்கள், கண்ணுக்குத் தெரியாத குட்டி விளிம்புகள், தேவையில்லாத ஃபில்லெட்டுகள், இதையெல்லாம் தேடுங்க. எல்லாமே பாஸ் ஆனால், தப்பு பார்ட்டுகளுக்கு நடுவில இருக்கு. அப்போ பாதி பார்ட்டை சப்ரெஸ் பண்ணி மெஷ் போடுங்க. இப்படிப் பாதி பாதியா குறைச்சிட்டே வந்தால் எந்த ஜோடி சண்டை போடுதுன்னு சீக்கிரம் தெரிஞ்சிடும். கூடவே இன்டர்ஃபெரன்ஸ் செக் கண்டிப்பா ஓட்டுங்க.

என் கேஸ்ல ஒரு ஸ்டிஃப்னர் பிளேட், பின் பிளேட்டுக்குள்ள 0.05 மி.மீ. நுழைஞ்சிருந்தது. என் எலிமென்ட் சைஸ் 5 மி.மீ. அதைவிட 100 மடங்கு மெல்லிய ஒரு இடத்தில மெஷர் என்னதான் செய்யும்? அதுவும் ரெண்டு பார்ட்டின் நோடுகளும் பொருந்தியே ஆகணும்னு வேற நான் செட் பண்ணியிருந்தேன்.

கண்டுபிடிச்ச சந்தோஷத்தில அவசரப்பட்டேன். ஸ்டிஃப்னரை 0.5 மி.மீ. வெளியே தள்ளினேன். மெஷ் பாஸ்! அடுத்து சால்வர், ஒரு பார்ட் கட்டுப்பாடில்லாம இருக்குன்னு சொன்னது. சாஃப்ட் ஸ்பிரிங் ஆப்ஷனை ஆன் பண்ணி அதன் வாயையும் அடைச்சேன். கலர் கலரா ரிசல்ட் வந்தது. பின் பிளேட்டில ஸ்ட்ரெஸ் அதிகம், தடிமனை 6-லிருந்து 10 மி.மீ. ஆக்கணும்னு ரிப்போர்ட்டே எழுதிட்டேன்.

சீனியர் படத்தைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “தம்பி, ஸ்டிஃப்னர் முழுக்க நீலமா இருக்கே, அது எதுக்கு அங்க இருக்கு?”

நான் விட்ட இடைவெளி, பாண்டட் காண்டாக்ட்டின் டாலரன்ஸைவிட அதிகம். அதனால ஸ்டிஃப்னர் எதிலேயும் ஒட்டாம மிதந்துட்டு இருந்தது. அந்த ரிப்போர்ட் போயிருந்தா, தேவையே இல்லாம தடிமனான தகட்டை வெட்டியிருப்பாங்க.

அவர் சொல்லிக்கொடுத்த சோதனையை இன்னைக்கும் மறக்கல. லோடு கொடுப்பதற்கு முன்னாடி, ஃபிக்ஸ் பண்ணின அதே மாடலுக்கு சாஃப்ட் ஸ்பிரிங் இல்லாம ஒரு மோடல் அனாலிசிஸ் ஓட்டுங்க. எல்லாம் சரியா ஒட்டியிருந்தால் ஜீரோ ஹெர்ட்ஸ் பக்கத்தில ஒரு மோடும் வரக்கூடாது. 6 வந்தால் ஒரு பார்ட் தனியா மிதக்குது: மூன்று நேர் நகர்வு, மூன்று சுழற்சி. 12 வந்தால் ரெண்டு பார்ட். அனிமேஷனைப் போட்டால் எது கழன்று ஓடுதுன்னு கண்ணாலேயே பார்க்கலாம்.

அந்த பிராக்கெட்டுக்கு நான் ஓட்டினப்போ சரியா 6 வந்தது. ஸ்டிஃப்னரை பின் பிளேட்டோடு முகத்துக்கு முகம் சேர்த்து வச்சேன், அந்த 6-ம் காணாம போச்சு. பின் பிளேட்டுக்கு 6 மி.மீ.யே போதும்னு தெரிஞ்சது.

மெஷ் எரர் போயிடுச்சுன்னா, “எப்படிப் போச்சு?”ன்னு உங்களையே ஒரு தடவை கேட்டுக்கோங்க. அடுத்த எபிசோடில சந்திப்போம்.