இழுபந்துச் சுமை

இழுபந்துச் சுமை என்பது, கேம்பர் அல்லது கேரவன் போன்ற இழுவண்டி ஒன்றின் முன்முனை, அதை இழுத்துச் செல்லும் வாகனத்தின் பின்புறமுள்ள எஃகுப் பந்தின் மீது நிலைக்குத்தாகச் செலுத்தும் சுமையாகும். இப்பந்தின் விட்டம் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பொதுவாக 50 மில்லிமீட்டர். இச்சுமை மிகக் குறைந்தால் இழுவண்டி பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். மிகுந்தால் வாகனத்தின் பின்பகுதி தாழ்ந்து முன்சக்கரங்களின் பிடிப்பு குறையும்.

இச்சுமையைப் பற்றிப் பேசும்போது இரு வேறு நீளங்கள் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளப்படுகின்றன. ஒன்று, இழுவண்டியின் அச்சிலிருந்து பந்து வரையிலான நீளம். மற்றொன்று, வாகனத்தின் பின் அச்சிலிருந்து பந்து வரையிலான நீளம். முதலாவது, சுமையின் அளவையே மாற்றும். இரண்டாவது, அச்சுமை வாகனத்தின் அச்சுகளுக்கிடையே பகிரப்படும் விதத்தை மாற்றும்.

அடிப்படைத் தத்துவம்

ஓர் அச்சு கொண்ட இழுவண்டி, அச்சை ஆதாரப் புள்ளியாகக் கொண்ட நெம்புகோலாகும். ஈர்ப்பு மையம் அச்சுக்குச் சற்று முன்னே இருந்தால் முன்முனை பந்தை அழுத்தும்; பின்னே இருந்தால் பந்தை மேல்நோக்கி இழுக்கும். மாட்டுவண்டியில் முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாடுகளின் கழுத்தை அழுத்துவதும், பின்பாரம் மிகுந்தால் அது மேலெழும்புவதும் இதே தத்துவத்தால்தான்.

இழுபந்துச் சுமை = மொத்த நிறை × (அச்சிலிருந்து ஈர்ப்பு மையத்தின் தூரம் ÷ அச்சிலிருந்து பந்தின் தூரம்)

இழுதண்டின் நீளம்

1500 கிலோகிராம் நிறையுள்ள கேம்பர் ஒன்றின் ஈர்ப்பு மையம் அச்சுக்கு 0.4 மீட்டர் முன்னே உள்ளது எனவும், பந்து அச்சிலிருந்து 4 மீட்டர் தூரத்தில் உள்ளது எனவும் கொள்வோம். இழுபந்துச் சுமை 1500 × 0.4 ÷ 4 = 150 கிலோகிராம் ஆகும். இழுதண்டை 1 மீட்டர் நீட்டினால் சுமை 1500 × 0.4 ÷ 5 = 120 கிலோகிராமாகக் குறையும். நடைமுறையில், கூடுதல் எஃகின் எடையும் முன்பக்கமே சேர்வதால் குறைவு இதைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும்.

நீண்ட இழுதண்டு கொண்ட வண்டி நேராக ஓடும் தன்மை மிக்கது. பின்னோக்கிச் செலுத்தும்போதும் மெதுவாகத் திரும்புவதால் கட்டுப்படுத்துவது எளிது.

வாகனத்தின் பக்கமுள்ள நீளம்

பின்கதவில் மாற்றுச் சக்கரம் அல்லது மிதிவண்டித் தாங்கி உள்ள வாகனங்களில், இடைவெளி வேண்டிப் பந்தைத் தாங்கும் கொக்கித் தண்டை நீளமானதாக மாற்றுவதுண்டு. இதனால் இழுபந்துச் சுமை மாறுவதில்லை. ஆனால் பின் அச்சு இப்போது வேறொரு நெம்புகோலின் ஆதாரப் புள்ளியாகிறது.

வாகனத்தின் முன், பின் அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரம் 2.8 மீட்டர் எனவும், பந்து பின் அச்சிலிருந்து 1.2 மீட்டர் பின்னே உள்ளது எனவும் கொள்வோம். பந்தின் மீது 150 கிலோகிராம் சுமத்தப்படும்போது பின் அச்சில் சேரும் சுமை 150 அன்று. ஏறத்தாழ 214 கிலோகிராம். எஞ்சிய 64 கிலோகிராம் முன் அச்சிலிருந்து பெயர்ந்து வருவதாகும். கொக்கித் தண்டை 20 சென்டிமீட்டர் நீட்டினால் பின் அச்சில் 225 கிலோகிராம் கூடும்; முன் அச்சில் 75 கிலோகிராம் குறையும்.

முன் அச்சின் சுமை குறையும்போது திசைதிருப்பும் திறனும் தடைபிடிக்கும் திறனும் குறைகின்றன. மேலும், இழுவண்டி பக்கவாட்டில் ஆடினால், பின்தள்ளி அமைந்த பந்து வாகனத்தைத் திருப்புவதற்கு அதற்கு நீண்ட நெம்புகோலை அளிக்கிறது. இதனாலும், தண்டு தாங்கும் வளைவு விசை கூடுவதாலும், நீட்டிப்புத் தண்டைப் பொருத்தும்போது அனுமதிக்கப்பட்ட சுமை வரம்பு குறைக்கப்படுவதுண்டு.

ஏற்ற அளவு

ஆஸ்திரேலியாவில் இழுவண்டியின் நிறையில் சுமார் 10 விழுக்காடும், வட அமெரிக்காவில் 10 முதல் 15 விழுக்காடும் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகின்றன. ஐரோப்பாவில் இதைவிடக் குறைந்த அளவுகள் வழக்கில் உள்ளன. வாகனம், கொக்கி, இழுவண்டி ஆகியவற்றுக்குத் தனித்தனி வரம்புகள் உண்டு. அவற்றுள் மிகக் குறைந்ததே பொருந்தும். இழுபந்துச் சுமை வாகனம் சுமக்கும் சுமையின் பகுதியாகவே கணக்கிடப்படும்.

பொருட்களை அடுக்குதல்

பயணத்தின் போதும் இச்சுமை மாறக்கூடியது. மேற்கூறிய 1500 கிலோகிராம் கேம்பரில், அச்சுக்கு 1 மீட்டர் முன்னே 80 லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருந்ததாகக் கொள்வோம். தண்ணீர் தீர்ந்ததும் இழுபந்துச் சுமை 20 கிலோகிராம் குறையும். அச்சுக்கு 2 மீட்டர் பின்னே 40 கிலோகிராம் பொருட்களை ஏற்றினால் மேலும் 20 கிலோகிராம் குறையும். இப்போது சுமை 110 கிலோகிராம், அதாவது மொத்த நிறையான 1460 கிலோகிராமில் சுமார் 7.5 விழுக்காடு மட்டுமே. எனவே கனமான பொருட்களை அச்சுக்கு அருகில், தாழ்வாக வைப்பது நல்லது. இரு முனைகளிலும் கனத்தை வைத்து இழுபந்துச் சுமையைச் சமன்செய்வது சரியான தீர்வன்று. அவ்வாறு செய்தால், அளவு சரியாகத் தோன்றினாலும், ஆடத் தொடங்கிய வண்டியை அடக்குவது கடினமாகும்.

அளவிடும் முறை

பயணத்திற்கேற்பப் பொருட்களை ஏற்றிய பின், சமதளத்தில் இழுவண்டியை நிறுத்திச் சக்கரங்களுக்குத் தடைக்கட்டை வைக்க வேண்டும். முன்முனையை, இழுத்துச் செல்லும்போது இருக்கும் அதே உயரத்தில் நிறுத்தி, பந்தைக் கவ்வும் பகுதிக்கு நேர் கீழே உறுதியான கட்டையையும் எடை பார்க்கும் கருவியையும் வைக்கலாம். கருவியின் கொள்ளளவு எதிர்பார்க்கும் சுமையைவிட மிகுதியாக இருத்தல் வேண்டும். முன்புறத் துணைச் சக்கரத்தின் கீழ் கருவியை வைத்தால் அளவு கூடுதலாகக் காட்டும். அச்சக்கரம் அச்சிலிருந்து 3.6 மீட்டர் தூரத்தில் இருந்தால், 150 கிலோகிராமுக்குப் பதிலாக ஏறத்தாழ 167 கிலோகிராம் காட்டும், அதை 3.6 ÷ 4 ஆல் பெருக்கிச் சரியான அளவைப் பெறலாம்.

இவற்றையும் பார்க்க

நெம்புகோல்
ஈர்ப்பு மையம்
திருப்புத்திறன்