உங்களுக்குத் தெரியுமா? பக்கம் வரும் பின்னே, ஹெடர் போகும் முன்னே!

● ஈரோடு பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு போனில் ஒரு வெப்சைட்டைத் தட்டுகிறீர்கள். பக்கம் திறக்கும் முன்பே உங்கள் போன் சர்வருக்கு ஒரு குறிப்பு அனுப்பிவிடுகிறது! என்ன பிரவுசர், எந்த மொழி வேண்டும், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறீர்கள்... எல்லாம் அதில் உண்டு. ஜவுளி பேலின் மேல் ஒட்டிய சீட்டு மாதிரி! அதன் பெயர்தான் ஹெடர்.

● 1991-ல் வலை உலகுக்கு அறிமுகமானபோது ஹெடரே கிடையாது! 'இந்தப் பக்கத்தைக் கொடு' என்று ஒரே ஒரு வரி. அவ்வளவுதான் கேள்வி!

● இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15. பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் விதிமுறைக்குப் பெயர் எச்.டி.டி.பி. ஹெடர்களை வரையறுத்த அதன் 1.0 ஆவணம் வெளியானது 1996 மே. நாம்தான் 9 மாதம் முந்தி!

● ஒரே சர்வர், ஒரே ஐ.பி. முகவரி. அதில் ஆயிரம் கடைகளின் வெப்சைட்டுகள் குடியிருக்கலாம். யார் வீட்டுக்கு விருந்தாளி என்று சர்வருக்குச் சொல்வது 'ஹோஸ்ட்' ஹெடர். எச்.டி.டி.பி. 1.1-ல் இது இல்லாமல் போனால் வாசலிலேயே 400 என்ற பிழை எண்!

● பழைய ஐ.பி. முகவரிகள் உலகத்துக்கே மொத்தம் எத்தனை? 429 கோடி! அளவுக்கு மீறிக் கேட்பவருக்குச் சர்வர் தரும் பிழை எண் என்ன? அதுவும் 429!

● உங்கள் பிரவுசரில் தமிழை முதல் மொழியாக வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் 'அக்செப்ட்-லாங்குவேஜ்' ஹெடரில் தமிழ் முதலில் போய் நிற்கும். அதற்குத் தேவை இரண்டே எழுத்து: டி, ஏ!

● இந்தியத் தமிழ் வேறு, இலங்கைத் தமிழ் வேறு, சிங்கப்பூர்த் தமிழ் வேறு. ஹெடரில் மூன்றையும் தனித்தனியாகக் கேட்கலாம்!

● 'தமிழ் இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் ஆங்கிலம்' என்பதையும் மார்க் போட்டே சொல்லலாம். 0 முதல் 1 வரை. புள்ளிக்குப் பின் 3 இலக்கம் வரை அனுமதி. ஆக, உங்கள் ஆசைக்கு 1001 படிகள்!

● நீலகிரியின் படகர் மொழிக்கும் ஹெடரில் இடம் உண்டு: பி-எஃப்-க்யூ. இருளர் மொழி: ஐ-ஆர்-யூ. தோடர் மொழி: டி-சி-எக்ஸ். சர்வரில் அந்த மொழிப் பக்கம் இருக்க வேண்டும், அவ்வளவுதான் பாக்கி!

● தமிழ் விக்கிப்பீடியாவில் 'ஈரோடு' பக்கத்தைத் திறக்கிறீர்கள். உங்கள் கண்ணுக்கு 3 எழுத்து. யூனிகோடுக்கு 5 குறியீடு. அதுவே 15 பைட். சர்வருக்கு முகவரியாகப் போகும்போது 45 எழுத்துகள்!

● இதே கணக்கில் பெருந்துறைக்கு 90. கோயம்புத்தூருக்கு 117. கோபிசெட்டிபாளையத்துக்கு? 153!

● '.சிங்கப்பூர்' என்று தமிழிலேயே முடியும் இணைய முகவரி உண்டு. 6 எழுத்து. ஹோஸ்ட் ஹெடரில் அது ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்து 22 எழுத்தாகத்தான் போகும்! '.இலங்கை' 16. '.இந்தியா' 17.

● யூனிகோடு பரவுவதற்கு முந்தைய காலத்துத் தமிழ் எழுத்துமுறை 'டிஸ்கி'யை மறந்துவிட்டீர்களா? உலகப் பட்டியல் மறக்கவில்லை. எழுத்துக் குறியீடுகளின் சர்வதேசப் பதிவேட்டில் அதற்குத் தனி எண்: 2107!

● ஹெடரில் நேரம் எப்போதும் கிரீன்விச் கணக்குத்தான்! ஈரோட்டில் மாலை 5.30. ஹெடரில் பகல் 12.00!

● எந்தப் பக்கத்திலிருந்து வந்தீர்கள் என்று சொல்லும் 'ரெஃபரர்' ஹெடரின் ஆங்கிலப் பெயரில் ஓர் 'ஆர்' விட்டுப்போய்விட்டது! 1996 ஆவணத்திலும் அதே தப்பு. இன்றும் அதே தப்பு. புரோகிராமர் சரியான ஸ்பெல்லிங்கில் கேட்டால் சர்வர் தருவது பூஜ்யம்!

● 'நான் யார்' என்று பிரவுசர் சொல்லும் ஹெடர் 'யூசர்-ஏஜென்ட்'. குரோம், சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ்... எதைத் திறந்தாலும் அது தொடங்குவது 'மொஸில்லா' என்றுதான்! அது நெட்ஸ்கேப் என்ற பழைய பிரவுசரின் செல்லப்பெயர். நெட்ஸ்கேப் 2008-லேயே மூடுவிழா கண்டாயிற்று!

● இந்த ஆள்மாறாட்டத்தின் ஆரம்பகால ஆசாமி இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர். 1995-லேயே 'மொஸில்லா' வேஷம்!

● உங்கள் போன் புத்தம்புது ஆண்ட்ராய்டா? குரோம் சர்வரிடம் சொல்வது 'ஆண்ட்ராய்டு 10'. போன் மாடல்? 'கே'! 10 ஆயிரம் ரூபாய் போனும் 'கே', லட்ச ரூபாய் போனும் 'கே'. 2023 முதல் இதுதான் சட்டம்!

● இன்னும் கேளுங்கள். குரோம் அனுப்பும் புதுவகை ஹெடரில், உலகத்திலேயே இல்லாத ஒரு பிரவுசரின் பெயரும் வேண்டுமென்றே சேர்க்கப்படுகிறது! 'பிராண்ட் அல்ல' என்பதுதான் அந்தப் பிராண்டின் பெயர்!

● ஹெடரில் உங்கள் இ-மெயில் முகவரியைப் போடவும் ஓர் இடம் உண்டு. பெயர் 'ஃப்ரம்'. பிரவுசர்கள் அதைத் தொடுவதில்லை. கூகுளின் ரோபோ ஒழுங்காகப் போடுகிறது!

● ஹெடர்களைப் புரோகிராம்களிடம் ஒப்படைக்கும் பழைய சி.ஜி.ஐ. முறையில் சர்வர் ஹெடர் பெயரையே உருமாற்றிவிடும். எல்லாம் பெரிய எழுத்து. நடுக்கோடு போய் அடிக்கோடு. முன்னால் 'எச்.டி.டி.பி.' என்று ஒட்டு! பி.எச்.பி. புரோகிராம் எழுதுகிறவர்கள் இன்றும் அந்தப் பெயரில்தான் தேடுகிறார்கள்.

● எல்லா ஹெடருக்கும் அந்த ஒட்டு உண்டா? இரண்டே இரண்டுக்கு இல்லை! 'கன்டென்ட்-டைப்', 'கன்டென்ட்-லெங்த்'. இது தெரியாமல் ராத்திரி முழுக்கத் தேடிய புரோகிராமர்கள் ஏராளம்!

● அந்த ஒட்டு ஒரு வம்பையும் இழுத்துவிட்டது. 'பிராக்ஸி' என்று ஒரு ஹெடரை அனுப்பினால் சில சர்வர்கள் தாங்கள் வெளியே போகும் வழியையே மாற்றிக்கொண்டன! 2001-ல் ஓரிடத்தில் கண்டுபிடித்த ஓட்டை. உலகமே விழித்துக்கொண்டது 2016-ல். நடுவில் 15 வருஷம்!

● ஹெடர் பெயரில் அடிக்கோடு போட்டீர்களா? என்ஜின்எக்ஸ் சர்வர் அதைச் சத்தமில்லாமல் தூக்கிப்போட்டுவிடும். பிழைச் செய்தி கூட வராது!

● 'கோ' புரோகிராம் மொழியில் ஹெடர் பட்டியலைத் திறந்து ஹோஸ்டைத் தேடுங்கள். கிடைக்காது! அதைத் தனியே எடுத்து வேறு இடத்தில் வைத்துவிடுகிறது.

● பெரிய எழுத்தோ சின்ன எழுத்தோ, ஹெடர் பெயர் எல்லாம் ஒன்றுதான். ஆனால் எச்.டி.டி.பி. 2-ல் ஒரே ஒரு பெரிய எழுத்து வந்தாலும் கோரிக்கை செல்லாது!

● அதே எச்.டி.டி.பி. 2-ல் வழக்கமான ஹெடர்களின் பெயரை எழுத்தெழுத்தாக அனுப்பவே வேண்டாம். எண் போதும். யூசர்-ஏஜென்டுக்கு 58. ஹோஸ்டுக்கு 38. ஆயத்தப் பட்டியலில் மொத்தம் 61 வரிசை!

● அப்பாச்சி சர்வர் ஒரு கோரிக்கையில் எத்தனை ஹெடர் படிக்கும்? வழக்கமான வரம்பு 100. ஒவ்வொன்றும் 8190 பைட். 8192 இல்லை, 8190!

● இப்போது பிடியுங்கள் நம் கண்டுபிடிப்பை! தமிழ்நாட்டு எஸ்.டி.டி. கோடுகள் சில அப்படியே சர்வரின் பிழை எண்களாக உட்கார்ந்திருக்கின்றன. முன்னாலிருக்கும் பூஜ்யத்தை மட்டும் எடுத்துவிடுங்கள்!

● திருப்பூர் 0421. சர்வரின் 421? 'தப்பான இடத்துக்கு வந்துவிட்டீர்கள்!'

● கோவை 0422. சர்வரின் 422? 'நீங்கள் சொல்வது புரிகிறது, ஆனால் செய்ய முடியாது!'

● ஊட்டி 0423. சர்வரின் 423? 'பூட்டியிருக்கிறது!' 2024 மே முதல் இ-பாஸ் கேட்கும் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான எண் கிடைக்குமா?

● நம்ம ஈரோடு 0424. சர்வரின் 424? 'முந்தைய வேலை கெட்டுப்போனதால் இதுவும் கெட்டது!'

● காவிரியோரமாகவே கிழக்கே போங்கள். திருச்சி 0431. சர்வரின் 431? 'உங்கள் ஹெடர் ரொம்பப் பெரிசு!' 2012-ல் ஹெடருக்காகவே பிறந்த எண் இது!

● திண்டுக்கல் 0451. சர்வரின் 451? 'சட்டப்படி காட்ட முடியாது!' வேலூர் 0416. சர்வரின் 416? 'நீங்கள் கேட்ட துண்டு இல்லை!' தொலைபேசித் துறையும் வலையும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. அத்தனையும் தற்செயல்!

● இன்னொரு தற்செயலும் உண்டு. 1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்தவர் கணித மேதை ராமானுஜன். அவர் பெயரால் புகழ்பெற்ற எண் 1729. இன்டர்நெட்டின் விதி ஆவணங்களில் 1729-வது எது தெரியுமா? இன்டர்நெட் வழியே நூலகங்களில் தேடும் முறை! வெளியான மாதம்? அதுவும் டிசம்பர், 1994!

● ஹெடரில் வருவதெல்லாம் உண்மையா? எழுதி அனுப்புவதே வந்தவர்தானே! எந்த ஐ.பி.யிலிருந்து வருகிறார் என்று சொல்லும் 'எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார்' ஹெடரில் பவானியிலிருப்பவர் பாரிஸ் ஐ.பி.யைப் போடலாம். கண்ணை மூடிக்கொண்டு நம்புகிற சர்வர் ஏமாறும்!

● 2014 செப்டம்பரில் வெடித்தது 'ஷெல்ஷாக்' என்ற ஓட்டை. யூசர்-ஏஜென்டில் ஒரு விசித்திர வரியை எழுதி அனுப்பினால் போதும், ஓட்டையுள்ள சர்வர் நீங்கள் சொன்னதைச் செய்யும்! ஓட்டை எப்போதிருந்து இருந்தது? 1989 முதல். 25 வருஷம் யார் கண்ணிலும் படவில்லை!

● 2021 டிசம்பர். 'லாக்4ஷெல்' என்ற ஓட்டை. ஹெடரில் வந்ததை ஜாவா சர்வர் தன் பதிவேட்டில் எழுதி வைத்தது. அதுதான் குற்றம்! எழுதிய மறுகணமே சர்வர் அடுத்தவர் கைக்குப் போனது. ஆபத்து மதிப்பெண்? 10-க்கு 10!

● ஹெடர் முடிந்தது என்று சர்வருக்கு எப்படித் தெரியும்? ஒரு வெற்று வரி வரும். அது வரும்வரை சர்வர் பொறுமையாகக் காத்திருக்கும்!

● அந்தப் பொறுமையைக் குறிவைத்து 2009-ல் வந்த தாக்குதல் கருவியின் பெயர் 'ஸ்லோலோரிஸ்'. சாவகாசமாக நகரும் ஒரு பிராணியின் பெயர்! நம் தேவாங்குக்கு ஒன்றுவிட்ட சொந்தம். இந்தியாவின் முதல் தேவாங்கு சரணாலயம் எங்கே? நமக்குப் பக்கத்திலேயே, கரூர்-திண்டுக்கல் மாவட்டங்களின் கடவூர்க் காட்டில். அறிவிக்கப்பட்டது 2022-ல்!

● ஸ்லோலோரிஸ் செய்தது என்ன? நூற்றுக்கணக்கான இணைப்புகளைத் திறந்தது. ஒவ்வொன்றிலும் ஹெடரைச் சொட்டுச் சொட்டாக அனுப்பியது. கடைசி வெற்று வரியை மட்டும் அனுப்பவே இல்லை! சாதாரணக் கம்ப்யூட்டர் ஒன்றே ஓர் அப்பாச்சி சர்வரை மூச்சுத்திணற வைத்துவிட்டது. அனுப்பாமல் பிடித்து வைத்திருந்த அந்த வெற்று வரியின் அளவு? வெறும் 2 பைட்!